மேஜை மேல் ஏறிய சீடர்

குருவுக்கு வயது முப்பத்து நாலு. சீடருக்கு அறுபத்தொன்று. சிரிக்காதீர்கள், கோத்தகிரியில் அப்படித்தான் நடந்தது.

குரு ஜெசிந்தா, நாய்களைக் குளிப்பாட்டி, முடி வெட்டி, நகம் திருத்துகிறவள். சோபாவில் உட்கார்ந்து பிஸ்கட் தின்னும் நாய்கள் அவளிடம் வருவது குறைவு. தேயிலைக் காட்டில் ஓடி, ஓடையில் புரண்டு, உடம்பெல்லாம் ஒட்டுமுள்ளும் உண்ணியுமாக வந்து நிற்கிற மலை நாய்கள்தான் அதிகம்.

சீடர் குலசேகரன், தேயிலை ஃபேக்டரியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அதட்டினால் மெஷினே நின்றுவிடும் என்பார்கள். மனைவி வசுமதி போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். வீட்டில் மிச்சம் அவரும், அவள் வளர்த்த சடை நாய் மிட்டாயும்தான். மலையெல்லாம் சுற்றிவிட்டு வரும் மிட்டாய்க்கு முள் எடுத்துச் சீவிவிட்டது அவள்தான். அந்த வேலையைக் கற்றுக்கொள்ளத்தான் மனுஷன் இந்த வயதில் ஜெசிந்தாவிடம் வந்து சேர்ந்தார்.

நன்றாகவே கற்றுக்கொண்டார். உண்ணியைத் தலையோடு பிடுங்குவார். விரலிடுக்கில் ஒளிந்திருக்கும் முள்ளைத் தடவியே கண்டுபிடிப்பார். ஊரார் நாயெல்லாம் அவர் கைக்கு அடங்கி நின்றன. சொந்த நாய் மட்டும் சீப்பைக் கண்டாலே பல்லைக் காட்டியது.

அன்று காலை வந்தவர் ஏப்ரனைக்கூடக் கட்டவில்லை.

“மிட்டாயை டாக்டர் பாத்துட்டார்மா. சடைக்குக் கீழ தோலெல்லாம் புண்ணாம். சனிக்கிழமை மயக்க ஊசி போட்டுத்தான் மழிக்கணுமாம். வயசான நாய், எழுந்தாலும் எழும், எழாமலும் போகலாம்கிறார்.”

“நீங்க சீவிப் பாத்தீங்களா சார்?”

கட்டுப் போட்ட கையைக் காட்டினார்.

“அதுக்கு என்னைக் கண்டாலே ஆகல. இருக்கிறது நாங்க ரெண்டே பேர். நான் என்னம்மா பாவம் பண்ணேன்? ஏன் என்னை இப்படி வெறுக்குது?”

ஜெசிந்தா துடைத்துக்கொண்டிருந்த மேஜையைத் தட்டிக் காட்டினாள்.

“ஏறுங்க சார்.”

“எதுல?”

“இதுலதான்.”

“என்னம்மா, கிண்டலா?”

“குரு, குருன்னு கூப்பிடுறீங்கள்ல? ஏறுங்க.”

முந்நூறு பேரை மேய்த்த மனுஷன் நாய் மேஜையில் ஏறிக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தார். மூலையில் கட்டியிருந்த எஸ்டேட் நாய் தலையைச் சாய்த்து அவரையே பார்த்தது.

ஜெசிந்தா காதைப் பார்த்தாள். கையைத் தூக்கி விரலிடுக்கைப் பார்த்தாள். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பிறகு அவள் பின்னால் போனாள். காலருக்குக் கீழே வழிந்து சிக்குப் பிடித்துக் கிடந்த பிடரி முடியில் சீப்பை வைத்தாள்.

“விடு!”

அவர் தட்டிவிட்ட வேகத்தில் சீப்பு பறந்துபோய்ச் சுவரில் மோதி விழுந்தது. மூலை நாய் குரைத்தது.

ஜெசிந்தா மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள்.

“வலிச்சுதா சார்?”

“இல்ல.”

“என்னைப் பிடிக்கலையா?”

“ஐயோ, என்ன பேச்சும்மா இது! அதில்ல...” அவர் பிடரியைக் கையால் மறைத்துக்கொண்டார். “அவதான் எனக்கு முடி வெட்டிவிடுவா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து. முன்வாசல்ல ஸ்டூலைப் போட்டு உக்காத்திவெச்சு... அவ போனப்புறம் சலூன் வாசல்வரைக்கும் போவேன், திரும்பி வந்துருவேன். வேற யார் கையும் என்னால...”

அப்படியே உட்கார்ந்து அழுதார். வீட்டில் அழுதால் என்னவென்று கேட்க ஆளில்லை என்பதால் இத்தனை நாள் அழாமலே இருந்துவிட்டார், பாவம். ஜெசிந்தா தடுக்கவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டபோது கையிலிருந்த கட்டு கண்ணில் பட்டது. மிட்டாய் கடித்த இடத்தைத் தடவினார்.

“அதுவும் இப்படித்தானாம்மா?”

அவள் கீழே கிடந்த சீப்பை எடுத்தாள்.

“சரி, வெட்டிவிடும்மா.” கண்ணை இறுக மூடிக்கொண்டு கழுத்தைக் குனித்துக் கொடுத்தார்.

“இங்க வேணாம் சார். ஸ்டூலை உங்க வீட்டு முன்வாசல்லயே போடுங்க, நான் கத்திரியோட வரேன்,” என்றாள் ஜெசிந்தா. “மிட்டாய் பாக்கட்டும்.”