இடது கை

கேட்கக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்த தணிகாசலம், உள்ளே நுழைந்ததும் கேட்டே விட்டார்.

“டாக்டர், எனக்கு எப்பத்தான் கழுத்தைக் குடுப்பீங்க?”

கோகிலவாணி திருப்பூரில் முதுகெலும்பைக் கையால் சீர்செய்யும் வைத்தியம் பார்ப்பவர். வயது நாற்பதுதான். பாதி ஆயுளை பிசியோதெரபியில் கழித்துவிட்டு, ஐம்பதைத் தாண்டிய பிறகு அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர் தணிகாசலம். வருகிற நோயாளிகளின் இடுப்பைத் தொட விட்டார். முதுகைத் தொட விட்டார். கழுத்தை மட்டும் விடவில்லை.

கோகிலவாணி மேசையில் ஒரு தலைமுடியை வைத்து அதன்மேல் காகிதங்களை அடுக்கினார். அங்கே தினமும் வேலை இப்படித்தான் தொடங்கும். அடியில் முடி எங்கே கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் கண்டுபிடிக்க வேண்டும்.

தணிகாசலம் கண்டுபிடித்தார், இடது கையால்.

வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொஞ்ச நாளாக மரத்துக் கிடந்தன. கழுத்தில் ஏதோ ஒரு நரம்பு நசுங்குகிறது என்று அவருக்கே தெரியும். காலமெல்லாம் குனிந்து அடுத்தவர் முதுகைப் பார்த்ததன் பலன். வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால் உடனே படுக்கவைத்திருப்பார். தனக்கென்று வரும்போது வாய் வரவில்லை. சொன்னால் கழுத்து கிடைக்காது. கையில் இருக்கிற இடுப்பும் முதுகும்கூடப் போய்விடும். இந்த வயதில் மறுபடி ஓரமாக உட்கார வேண்டியதுதான்.

கோகிலவாணி அவருடைய இடது கையைப் பார்த்தார். காகிதங்களை எடுத்து வைத்தார்.

அன்று முதலில் வந்தவர் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் நாச்சிமுத்து. தாழ்வான மேசையில் குனிந்தே துணி வெட்டுகிறவர்.

“கையில துணி தட்டுப்படவே மாட்டேங்குதுங்க. நேத்து பிளேடு வெரல ஒட்டிப் போச்சு.”

“லீவு போட்டீங்களா?”

“நீங்க வேற. சரக்கு கப்பலுக்குப் போகோணும். இப்ப லீவு கேட்டா ஓனரு எங்கழுத்தத் திருகிப்போடுவாரு. அதுக்கு நீங்களே திருப்பி உட்டீங்கன்னா புண்ணியமாப் போகுமுங்க.”

கோகிலவாணி சிரித்தார். கையின் பலத்தைச் சோதித்தார். கழுத்தை எல்லாப் பக்கமும் அசைத்துப் பார்த்தார்.

“மெதுவாத் திருப்பலாம். ஆனா மேசையை உயர்த்தாம இது நிக்காது.”

“அத ஓனருகிட்டச் சொல்றேனுங்க. மொதல்ல டக்குன்னு ஒரு சத்தம் கேக்கட்டும்.”

தணிகாசலத்துக்குப் பொறுக்க முடியவில்லை. “டாக்டர், இவருக்கு நான் பாக்கட்டுமா?”

“பாக்கட்டுமுங்க,” என்றார் நாச்சிமுத்து. “சாரு தல நரைச்சவரு. கை பதமா இருக்கும்.”

“பாருங்க,” என்றார் கோகிலவாணி. “முதல்ல எனக்கு.”

அவர் கட்டிலில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

தணிகாசலம் அந்தத் தலையை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்தினார். இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கோகிலவாணி அந்தப் பாரத்தைக் கொஞ்சமும் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் முழுக்கக் கொடுத்திருந்தார். இடது கைக்கு எலும்பின் விளிம்பு தெரிந்தது. வலது கைக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னும் அழுத்தினார். அப்போதும் தெரியவில்லை.

இங்கேதான் இருக்க வேண்டும். எத்தனையோ கழுத்துகளைப் படத்தில் பார்த்தாயிற்று. கண் தெரியாதவன்கூட ஊகிப்பான். ஊகித்தால் போதுமா?

“ம், போடுங்க சார்,” என்றார் நாச்சிமுத்து.

தலையை மெதுவாகத் திருப்பிக்கொண்டே போனார். அதற்குமேல் போகாத இடம் வந்தது. இனி சட்டென்று ஒரு சின்னத் திருப்பல், அவ்வளவுதான். கோகிலவாணியின் மூச்சு ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

தணிகாசலம் தலையைப் பழையபடி திருப்பித் தலையணையில் வைத்தார்.

“டாக்டர், என் வலது கை விரல் மரத்துப்போயிருக்கு.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா கழுத்தைக் குடுத்தீங்க?”

கோகிலவாணி எழுந்து உட்கார்ந்தார். அவிழ்ந்த கூந்தலை முடிந்துகொண்டார்.

“நாச்சிமுத்து கழுத்தா இருந்தா நீங்க நிறுத்தியிருக்க மாட்டீங்க.”