பதில் வரும் திசை

குழந்தைவேலு ஒரு பம்புசெட் கம்பெனியின் தலைவர். எழுபதைத் தாண்டியவர். மலையடிவாரத்து ஆசிரமத்தில் இருந்த துறவி அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் குழந்தைவேலு அவரைத்தான் குருவாக ஏற்றிருந்தார்.

அன்று காலை அவர் ஆசிரமத்துக்கு வந்தபோது முகம் வாடியிருந்தது. கம்பெனியின் நிதி அதிகாரி ரேணுகாதேவியும் கூட வந்திருந்தார். குழந்தைவேலு குருவுக்கு எதிரே அமர்ந்தார். ரேணுகாதேவி அவருக்குப் பின்னால், சுவரோரம் போய் உட்கார்ந்தார். இயக்குநர் கூட்டத்திலும் அவர் இடம் அதுதான்.

"நாளைக்குக் கூட்டம், சாமி. எனக்கப்புறம் கம்பெனியை யார் நடத்தறதுன்னு பேரைச் சொல்லியாகணும்."

"மனசுல யாரு?"

"பின்னால உட்கார்ந்திருக்குதே, இந்த அம்மணிதான். ஆனா தயக்கமா இருக்குதுங்க. மேசையைச் சுத்தி அத்தனையும் ஆம்பளைங்க. கூட்டத்துல இது வாயைத் திறந்ததே இல்ல. இது பேச்சை அவங்க ஏத்துக்குவாங்களா? தப்பாப் போனா கம்பெனியே போயிரும்."

ரேணுகாதேவி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குரு வேறு எதையோ கேட்டார். "போன கோடையில உங்க புது மோட்டார் தோட்டத்துல எல்லாம் புகைஞ்சுதாமே?"

குழந்தைவேலு கழுத்தைத் திருப்பினார். ரேணுகாதேவி முன்னால் குனிந்து மெல்லச் சொன்னார். குழந்தைவேலு மறுபடி குருவின் பக்கம் திரும்பினார்.

"வோல்டேஜ் கம்மியான ஊருங்க, சாமி. அதுக்குத் தாங்கற மாதிரி செய்யல. இப்ப மாத்தியாச்சு."

"வித்ததை எல்லாம் திருப்பி வாங்கிக்கிட்டீங்களாமே. பயமா இல்லையா?"

கழுத்து திரும்பியது. மெல்லிய குரல் கேட்டது. கழுத்து மீண்டும் முன்னால் வந்தது.

"வாங்கலேன்னா நம்ம அடுத்த மோட்டாரை எவன் வாங்குவான்? கூட்டத்துல நான் இதைச் சொன்னதும் எல்லாரும் மேசையைத் தட்டினாங்க!"

"வேலை இல்லாத மாசத்துலயும் ஒருத்தரைக்கூட வீட்டுக்கு அனுப்பலையாமே. அது எப்படி?"

குழந்தைவேலு திரும்பப் போனார்.

"போதும் தலைவரே, கழுத்து சுளுக்கிக்கப் போகுது" என்றார் குரு.

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்து, சட்டென்று அடங்கியது.

குரு எழுந்தார். தம் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குழந்தைவேலுவைக் கடந்து நடந்தார். சுவரோரம் போய், ரேணுகாதேவிக்கு எதிரே பாயை விரித்து உட்கார்ந்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா."

குழந்தைவேலுவின் முன்னால் இப்போது வெறும் தரைதான் இருந்தது.

ரேணுகாதேவி நிமிர்ந்து உட்கார்ந்து பேசினார்.

"பட்டறை ஆளுங்களை அனுப்பிட்டா மறுபடி கிடைக்க மாட்டாங்க, சாமி. அதனால பழைய மோட்டார்களைப் பழுது பார்க்கற வேலையை எடுத்தோம். அதை நிறுத்தாம ஊர் ஊரா கொண்டுபோகலாம். விவசாயி நம்மளைத் தேடி வர்றதைவிட நாம அவரைத் தேடிப் போறது நல்லது."

குரல் இப்போது மெல்லியதாக இல்லை.

குழந்தைவேலு உடம்பையே திருப்பி உட்கார்ந்தார். "ஊர் ஊரா கொண்டுபோறதா? இதை எங்கிட்ட நீ சொன்னதே இல்லையே அம்மணி!"

"கேட்டதுக்கு மட்டுந்தானே பதில் சொல்லுவேன், ஐயா."

குழந்தைவேலு குருவின் முதுகைப் பார்த்தார். பிறகு, "யோசனை நல்லாத்தான் இருக்குது, சாமி. ஆனா நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே. நாளைக்கு இந்த அம்மணி பேச்சை அவங்க ஏத்துக்குவாங்களா?" என்றார்.

குரு திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"இத்தனை நாளா அவங்க மேசையைத் தட்டினது யார் பேச்சுக்கு, தலைவரே?"