பவளத்தின் படகும் மூன்று பெட்டிகளும்

தூத்துக்குடியில் ஒரு மாடி அறை. அந்த அறையில் ஒரே மேசையில் மூன்று பெட்டிகள் ஒன்றாகக் குடியிருந்த காலத்தில் நடந்தது இது. மூன்றும் கேம் ஓட்டுகிற பெட்டிகள். மூன்றுக்கும் ஒன்றையொன்று கண்டால் ஆகாது.

முதலாவது கம்ப்யூட்டர். ஆள் வாட்டசாட்டம். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே மாதா கோயில் திருவிழா மாதிரி கலர் கலராக விளக்கு. வயிற்றுக்குள் இருப்பதையெல்லாம் ஊருக்கே காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் அதற்கு அப்படி ஒரு பெருமை.

இரண்டாவது, டிவியோடு சேர்த்து மாட்டுகிற வெள்ளைப் பெட்டி. அலட்டல் இல்லாத ஆள். தான் அலட்டிக்கொள்வதில்லை என்பதை ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்லும்.

மூன்றாவது கைப்பெட்டி. இரண்டு கையால் பிடித்து விளையாடுகிற சின்னச் சாமான். திரையில் ஒரு கீறல். கேமில் ஆளை நடத்துகிற இடதுபக்கக் குமிழ் தளர்ந்துபோய், யாரும் தொடாமலே ஒரு பக்கமாகச் சாயும். கேம் கொஞ்சம் பெரிதாக இருந்தால் உடம்பு கொதித்து, மிக்ஸி மாதிரி இரையும். பாவம், அதற்கே தன்னை நினைத்தால் வெட்கம்.

மேசைக்குச் சொந்தக்காரன் கிளமெண்ட். புதுக் கேம் வந்தால் மூன்று பெட்டியிலும் ஓட்டிப் பார்த்து, எதில் நன்றாக ஓடுகிறது என்று வீடியோ போடுவது அவன் வேலை. அதற்கு அவன் ஒரு முறை வைத்திருந்தான். கேமின் முதல் காட்சியைத் திறப்பான். வீரனை ஓரிடத்தில் நிறுத்துவான். கேமுக்குள் பார்வையைத் திருப்புகிற கேமராவை மூன்று சுற்று சுற்றுவான். நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று எழுதிக்கொள்வான். மூடுவான். மறுபடியும் முதலிலிருந்து திறப்பான். மூன்று வருஷத்தில் எந்தக் கேமிலும் இரண்டாவது காட்சியைப் பார்த்ததில்லை அந்த மகராசன்!

அந்த வாரம் வந்தது ஒரு பெரிய கதைக் கேம். விளையாடுகிறவர் வீரனாக மாறி ஊர் ஊராகப் போக வேண்டும். முதல் காட்சி ஒரு ஆற்றங்கரை. தூறல். ஒரு படகு. படகருகே ஓடக்காரி பவளம்.

எந்தப் பெட்டியில் கேம் ஓடுகிறதோ, அந்தப் பெட்டிக்குள் வந்து நிற்பாள் பவளம். திறந்ததும் அவள் சொல்ல வேண்டிய வசனம் ஒன்றுதான்.

"வீரரே, வந்துவிட்டீரா! படகு காத்திருக்கிறது!"

வீரன் ஏற மாட்டான். கிளமெண்ட் அவளையே சுற்றிச் சுற்றி மூன்று தரம் கேமராவைத் திருப்புவான். பிறகு எல்லாம் இருட்டு. மறுபடி வெளிச்சம். மறுபடி "வீரரே, வந்துவிட்டீரா!" நாற்பது தடவை, எண்பது தடவை, நூறு தடவை. சொல்லிச் சொல்லி அவளுக்கே அந்த வீரன் மேல் கொலைவெறி.

கிளமெண்ட் காப்பி குடிக்கக் கீழே போகிற நேரத்தில்தான் அவளால் சொந்தமாக நாலு வார்த்தை பேச முடியும்.

"கம்ப்யூட்டர் அண்ணாச்சி, உங்க கால்ல வேணும்னாலும் விழுதேன்" என்றாள் ஒரு நாள். "அக்கரையில என் மக செல்லி காய்ச்சல்ல கெடக்கா. மருந்து இந்தா, என் மடியில இருக்கு. அந்த வீரன் ஏறினாத்தான் படகு நகரும். ஏதாவது வழி பண்ணுங்க."

"மகளா? எப்படி இருப்பா?" என்றது கம்ப்யூட்டர்.

"தெரியலையே. மக உண்டுன்னு மட்டுந்தான் எனக்கு எழுதிவச்சிருக்கு. அக்கரை காட்சியை யாரும் திறக்கவேயில்லை. பெத்த பிள்ளை மூஞ்சிய நான் இன்னும் பார்க்கலை அண்ணாச்சி."

கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. "அத விடு. உன் தலையைத் தொட்டுப் பாரு. முப்பதாயிரம் முடி! ஒவ்வொண்ணும் தனித்தனியா ஆடுது. தண்ணியில உன் மூக்குத்தி மினுங்குது, பார்த்தியா? இப்படி உன்னை வேற யாரும் வச்சிருப்பாங்களா?"

"முடி நல்லாத்தான் இருக்கு. ஆத்தைக் கடக்கணுமே?"

"அது நம்ம டெஸ்ட்ல வராதும்மா" என்று சொல்லிவிட்டு, நீலத்திலிருந்து ஊதாவுக்கு விளக்கை மாற்றிக்கொண்டது.

வெள்ளைப் பெட்டியிடம் போனால் அது வேறு ராகம் பாடியது. "நான் அலட்டிக்கிற ஆளு இல்ல, உனக்கே தெரியும். ஆனா நொடிக்கு அறுபது படம். ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது. அந்தக் கண்ணாடி வயித்துக்காரன் மாதிரி நடுவுல திக்க மாட்டேன்."

"யாரைப் பார்த்துத் திக்குதுன்னு சொல்லுத?" என்று கம்ப்யூட்டர் கத்த, இரண்டுக்கும் வாய்த்தகராறு. பவளம் தலையில் கை வைத்துக்கொண்டு படகு விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

கைப்பெட்டியின் முறை வந்தபோது அது தானாகவே மன்னிப்புக் கேட்டது. "அக்கா, என்கிட்ட வந்தா நீ அழகா இருக்க மாட்ட. மரம் மட்டையெல்லாம் கிட்டப் போன பெறவுதான் வரும். உன் மூக்குத்திக்கும் மூக்குக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. கோவிச்சுக்கிடாதே."

அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கிளமெண்ட் வந்து சோதனையைத் தொடங்கினான். முதல் சுற்று. இரண்டாவது சுற்று. அப்போது தளர்ந்த குமிழ் மெல்லச் சாய, வீரன் தானாக நடக்க ஆரம்பித்தான்! ஒரு எட்டு. இரண்டு எட்டு. நேராகப் படகைப் பார்த்து. படகுக்கு ஒரு முழம் இருக்கையில், "சை! குமிழு கெட்டுப்போச்சு" என்று கிளமெண்ட் வீரனை இழுத்துப் பழைய இடத்தில் நிறுத்தினான்.

"தம்பி!" என்றாள் பவளம், அவன் போனதும். "இன்னும் ஒரே எட்டுடா!"

"அது என் சீக்கு அக்கா. வேணும்னு செய்யலை" என்றது கைப்பெட்டி. அதன் வெட்கம் இன்னும் ஒரு பங்கு கூடியது.

சனிக்கிழமை காலையில் தீர்ப்பு வந்தது. கிளமெண்ட் கேமரா முன்னால் உட்கார்ந்து பேசினான். கம்ப்யூட்டருக்கு முதலிடம். வெள்ளைப் பெட்டிக்கு இரண்டாமிடம். "கைப்பெட்டி வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு இந்தக் கேம் பக்கமே போகாதீங்க மக்களே." வீடியோவை முடித்துவிட்டு, மதியம் வேறு கேம் வருகிறது, இடம் வேண்டும் என்று இதை அழிக்க ஆரம்பித்தான். முதலில் கம்ப்யூட்டரில். முப்பதாயிரம் முடியும் அரை நிமிஷத்தில் போயிற்று. அடுத்து வெள்ளைப் பெட்டியில். பவளம் எஞ்சியிருந்தது கைப்பெட்டி ஒன்றில்தான். அதையும் கையில் எடுத்துவிட்டான்.

"தம்பி, அவ்வளவுதானா? அவளை ஒரு தரம் கூடப் பார்க்காமலா?" என்றாள்.

அந்த நேரம் பார்த்துப் படியேறி வந்தாள் கிளமெண்டின் மனைவி சகாயமேரி. கன்னம் ஒரு பக்கம் இட்லி மாதிரி வீங்கியிருந்தது.

"ஏங்க, பல் டாக்டர்ட்ட போயிட்டு வாரேன். போன்ல சார்ஜ் இல்ல. அங்க எவ்வளவு நேரம் உக்கார வைப்பாவளோ. அதக் குடுங்க, எதையாவது பார்த்துட்டு இருக்கேன்."

"இதுலயா? இதுல ஒண்ணும் வெளங்காது மேரி. அந்தக் கேம் கம்ப்யூட்டர்லதான் நல்லாருக்கும்."

"அப்ப கம்ப்யூட்டரைத் தூக்கி இடுப்புல வச்சிட்டா போவேன்? குடுங்க இங்க."

பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

கிளினிக்கில் சகாயமேரிக்கு டோக்கன் இருபத்தேழு. உள்ளே போயிருந்தது பத்தொன்பது. வலது கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு, கைப்பெட்டியை மடியில் வைத்துத் திறந்தாள். சார்ஜ் பதினாலு சதவீதம் இருந்தது.

"வீரரே, வந்துவிட்டீரா! படகு காத்திருக்கிறது!"

சகாயமேரிக்குக் கேம் விளையாடி வழக்கமில்லை. எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். குமிழ் அதன் வழக்கப்படி சாய்ந்தது. வீரன் நடந்தான். ஒரு எட்டு. இரண்டு எட்டு.

"எங்க போற நீ?" என்றாள் அவள். ஆனால் இழுத்து நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

வீரன் படகை ஒட்டிப் போய் நின்றான். அதுவரை யாரும் கேட்டிராத இரண்டாவது வசனம் அப்போதுதான் வெளியே வந்தது.

"என் மகள் அக்கரையில் காய்ச்சலில் கிடக்கிறாள். மருந்து என் மடியில் இருக்கிறது. நீர் ஏறினால்தான் படகு நகரும்."

"அட பாவி மனுசா!" என்று சகாயமேரி வாய்விட்டே சொன்னாள். "வாரம் பூராவும் இந்தப் பொம்பளைய மழையில நிக்க வச்சிட்டு, சுத்திச் சுத்திப் படம் பிடிச்சிட்டா இருந்தாரு?"

ஒரு பொத்தானை அழுத்தினாள். அது குதிக்கிற பொத்தான். வீரன் சும்மா குதித்தான். அடுத்ததை அழுத்தினாள். வீரன் படகில் ஏறினான். படகு நகர்ந்தது!

பவளம் துடுப்பை எடுத்தாள். துடுப்பைப் பிடித்து அவள் இதுவரை போட்டதேயில்லை. ஆனாலும் போட்டாள்.

நடு ஆற்றில் கைப்பெட்டிக்கு இரைக்க ஆரம்பித்தது. சார்ஜ் ஆறு சதவீதம். உடம்பு அனலாகக் கொதித்தது.

"அக்கா, முடியலை. எல்லாத்தையும் காட்டிட்டே போனா பாதியில நின்னுருவேன்."

"காட்டாத. எதையாவது எறக்கி வை."

"நாணலை எறக்கட்டா?"

"நாணலையா திங்கப் போறோம்? எறக்கு."

நாணல் போயிற்று. தூரத்து மலை போயிற்று. மூடுபனி போயிற்று. தண்ணீரில் விழுந்த நிழல் போயிற்று. தூறலையும் நிறுத்தியாயிற்று. சார்ஜ் நாலு.

"இன்னும் பாரம் இருக்கே அக்கா."

"என் முடி இருக்குல்ல? அதை எறக்கு."

"கம்ப்யூட்டர் அண்ணாச்சி முப்பதாயிரம் வச்சிருந்தாரே..."

"வச்சிருந்தாரு. ஒரு முடியாவது துடுப்புப் போட்டுதா?"

முடி ஒரு கறுப்பு உருண்டையாகிவிட்டது. சேலையில் பூ போயிற்று. சார்ஜ் மூன்று. கைப்பெட்டி தயங்கித் தயங்கிக் கேட்டது. "அக்கா, மூஞ்சி?"

பவளம் துடுப்பை நிறுத்திவிட்டாள். மகளை முதல் முதலாகப் பார்க்கப் போகிறாள். மூஞ்சி இல்லாமல் போய் நின்றால் பிள்ளை பயந்துவிடாதா? அம்மா என்று அதற்கு எப்படித் தெரியும்?

"எறக்கிரு" என்றாள். "குரலை மட்டும் விட்டுறாதே. உனக்குப் புண்ணியமாப் போகும் தம்பி, குரலை மட்டும் பிடிச்சுக்கோ."

கைப்பெட்டி குரலைப் பிடித்துக்கொண்டது. மற்றதையெல்லாம் விட்டது. சகாயமேரியின் கையில் இப்போது இருந்தது ஒரு பழுப்புத் திரை. அதில் ஒரு கட்டை மாதிரி படகு, இரண்டு கட்டை மாதிரி ஆட்கள். அவள் கண்ணை எடுக்கவில்லை. தாடையைத் தாங்கிய கை எப்போதோ இறங்கிவிட்டது.

அக்கரை வரக் காணோம். கைப்பெட்டிதானே, எல்லாம் கிட்டப் போன பிறகுதான் வரும். கரைக்கு முன்னால் ஒரு சத்தம்தான் முதலில் வந்தது.

"எம்மா?"

"செல்லி! வந்துட்டேன்டி!" என்று கத்தினாள் பவளம். கேமில் அவளுக்கு எழுதியிருந்த வசனம் வேறு. யார் கவலைப்பட்டார்கள்?

பிறகு குடிசை வந்தது. கதவு வந்தது. கடைசியாக ஒரு பிள்ளை வந்து வாசலில் நின்றது. பிசைந்து வைத்த மாவு மாதிரி ஒரு மூஞ்சி, அதில் இரண்டு புள்ளி. அது ஓடிவந்து, இன்னொரு மாவு மூஞ்சியைக் கட்டிக்கொண்டது.

"டோக்கன் இருபத்தேழு!" என்று நர்ஸ் கூப்பிட்டாள். யாரும் எழவில்லை. "இருபத்தேழு யாரு? சகாயமேரி! வாங்கம்மா, டாக்டர் காத்திட்டிருக்காரு."

"கொஞ்சம் இருங்க சிஸ்டர்" என்றாள் சகாயமேரி, தலையைத் தூக்காமல். "பிள்ளைக்கு மருந்து குடுத்துட்டு வந்துருதேன்."

நர்ஸ் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிள்ளை எதையும் காணோம். அவளும் குனிந்து மடியைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

செல்லி மருந்தைக் குடித்து முடித்தாள். இந்த இடம் வரை விளையாடியாயிற்று என்று கேம் தானாகவே குறித்துக்கொண்டது. இனிமேல் எத்தனை தடவை திறந்தாலும் பவளம் இந்தக் கரையில்தான் இருப்பாள். அந்த நிம்மதியில் கைப்பெட்டி கண்ணை மூடியது. சார்ஜ் தீர்ந்துபோனது.

மாலையில் சகாயமேரி வாய்க்குள் பஞ்சோடு மாடியேறி வந்தாள். கைப்பெட்டியைக் கிளமெண்டிடம் தராமல், தானே சார்ஜில் போட்டாள். "இதுல உள்ளதை மட்டும் அழிச்சிப் பாருங்க" என்று விரலை ஆட்டினாள்.

கிளமெண்ட் திகைத்தான். "ஆத்தைத் தாண்டிட்டியா? நீயா?"

தலையாட்டினாள்.

"அக்கரை எப்படி இருந்துச்சு? தண்ணியில நிழல் விழுந்துச்சா? நொடிக்கு எத்தனை படம் வந்துச்சு? அந்தப் பிள்ளைக்கு முடியெல்லாம் தனித்தனியாத் தெரிஞ்சுதா?"

கம்ப்யூட்டர் தன் விளக்கையெல்லாம் அடக்கிக்கொண்டு காதைத் தீட்டியது. வெள்ளைப் பெட்டியும்தான்.

சகாயமேரி பஞ்சை ஒரு ஓரமாக ஒதுக்கிக்கொண்டாள்.

"முடியை யாரு பார்த்தா? பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுருச்சு."