தொண்ணூற்று நாலில் கொதித்த தண்ணீர்

"சிவகாந்திக்கு சைபர் போட்டுட்டேன் டீச்சர். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா பட்டியலை அனுப்பிடலாம்."

கோத்தகிரியில் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் போஜன் இதைச் சொன்னபோது மணி மூன்று பத்து. நாலு மணிக்குப் பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வின் பட்டியல் தலைமையாசிரியர் மேசைக்குப் போயாக வேண்டும்.

எஸ்தர் டீச்சர் பேனாவை மூடி வைத்தார். இதே ஆய்வகத்தில் போஜனுக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்தவர் அவர். இன்று அவனும் அங்கே ஆசிரியர்.

"என்ன தப்பு பண்ணினா?"

"தண்ணியோட கொதிநிலை தொண்ணூத்தி நாலுன்னு எழுதியிருக்கா. திருப்பிச் செய்னு சொன்னேன். மறுபடியும் தொண்ணூத்தி நாலு. புத்தகத்துல என்ன இருக்குன்னு கேட்டா நூறுங்கிறா. பின்ன ஏன் இப்படி எழுதினேன்னா, 'தெர்மாமீட்டர்ல அதுதான் சார் தெரியுது'ங்கிறா. எவ்வளவு திமிர்!"

"மத்தவங்க?"

"முப்பத்தொன்பது பேரும் நூறு. அச்சுப் பிசகாம."

"அந்தப் பொண்ணு எங்க?"

"விடைத்தாளைக் கையில குடுத்து வராண்டாவுல நிக்க வச்சிருக்கேன். காலையிலேர்ந்து."

சைபர் விழுந்தால் அவள் தேற மாட்டாள். தேறாவிட்டால் அம்மாவோடு தேயிலை பறிக்கப் போய்விடுவாள். போஜனுக்கு அது தெரியும். தெரிந்தும் அவன் மனம் இறங்கவில்லை. வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க ஒரு சுண்டைக்காய் தன்னை எதிர்த்து நின்றதை அவனால் ஜீரணிக்க முடியவில்லை.

"தண்ணி வை" என்றார் டீச்சர்.

"நேரமில்ல டீச்சர்."

"வை போஜா."

வேண்டா வெறுப்பாகப் பற்றவைத்தான். தெர்மாமீட்டரை மாட்டினான்.

எழுபது. எண்பது.

சுவர்க்கடிகாரத்தில் மூன்று இருபத்தைந்து.

தொண்ணூறு. தொண்ணூற்று மூன்று.

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பாதரசம் தொண்ணூற்று நாலில் நின்றது. நின்றது நின்றதுதான்.

தீயைக் கூட்டினான். தண்ணீர் துள்ளி வெளியே சிந்தியது. பாதரசம் அசையவில்லை.

"இந்தத் தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு."

டீச்சர் இன்னொன்றை நீட்டினார்.

தொண்ணூற்று நாலு.

மூன்றாவதை நீட்டினார். போஜன் கை நீட்டவில்லை.

"காத்தோட அழுத்தம் குறைஞ்சா கொதிநிலை என்ன ஆகும்?"

"குறையும்." வருஷா வருஷம் வகுப்பில் அவனே சொல்லிக்கொடுப்பதுதான்.

"மலை மேல அழுத்தம்?"

"குறைவு."

"நாம எங்க இருக்கோம் போஜா?"

ஆறாயிரம் அடி உயரத்தில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே வாத்தியாராகவும் ஆனவன் தீயை அணைத்தான்.

அவன் குரலில் பாதி கோபம், பாதி அழுகை.

"நானும் இங்கதானே டீச்சர் படிச்சேன். இதே சோதனைதான் செஞ்சேன். நூறுன்னுதான் எழுதினேன். நீங்க முழு மார்க் போட்டீங்களே!"

"போட்டேன்."

"ஏன் போட்டீங்க?"

"அன்னைக்கு நானும் தண்ணியைப் பார்க்கல. உன் தாளைத்தான் பார்த்தேன்."

மணி மூன்று ஐம்பது.

போஜன் பட்டியலை இழுத்து சைபரை அடித்தான். முழு மார்க் எழுதுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. வராண்டாவுக்கு ஓடினான்.

சிவகாந்தி சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். கால் மாற்றிக் கால் வைத்து நின்றதில் முகம் வெளுத்துப் போயிருந்தது. அவன் ஓடி வருவதைக் கண்டதும் விறைத்து நேராக நின்றாள்.

"சிவகாந்தி, கொதிநிலை எவ்வளவும்மா?"

குரலை எவ்வளவு தணிக்க முடியுமோ அவ்வளவு தணித்துத்தான் கேட்டான்.

அவள் அவசர அவசரமாக விடைத்தாளை நீட்டினாள். ஓரிடத்தில் அடித்து அடித்துத் தாளே கிழிந்திருந்தது. அதன் பக்கத்தில் புதிதாக ஓர் எண்.

"நூறு சார்."