கக்கத்தில் அடங்கிய சேவல்

என் மீசைமேல் சத்தியம், இதில் ஒரு சொட்டுப் பொய் கிடையாது.

பண்ணையார் வைரவநாதரை அவர் வளர்த்த சேவலே பார்க்கும்போதெல்லாம் பறந்து பறந்து கொத்தியது. அவருடைய சிவப்புத் தலைப்பாகையை எதிரிச் சேவலின் கொண்டை என்று நினைத்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை சம்பந்தி வர்றாங்க. அதுக்குள்ள இது அடங்கணும். அடிக்காதே, கட்டாதே, அடைக்காதே, ராசியான சேவல்! அடங்கலேன்னா உனக்கு இங்கே வேலை இல்லே" என்றார், கோழிகளைப் பார்த்துக்கொள்ளும் கொண்டப்பனிடம்.

"ஐயா தலைப்பாகையைக் கழட்டிட்டா..."

"ஒரு சேவலுக்காக நான் கழட்டணுமாடா?"

கொண்டப்பன் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றினான். "பெட்டைங்க பார்க்க இப்படித் தூக்கிட்டுப் போனா வீறாப்பு இறங்கிடுமுங்க."

"தூக்கினா இறங்குமா? மடப்பயலே!"

மூன்று நாளில் சேவல் பூனைக்குட்டியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை பண்ணையாரோ, சம்பந்திக்காக இரண்டு மடங்கு பெரிய தலைப்பாகையோடு வந்து நின்றார். புது எதிரி வந்துவிட்டான் என்று சேவல் பாய்ந்தது. பண்ணையார் ஒரே தாவில், தென்னை உயர வைக்கோல்போரின் உச்சியில் போய் உட்கார்ந்தார். இறங்கத் தெரியவில்லை.

கொண்டப்பன் ஏறினான். அவரைக் கக்கத்தில் இடுக்கினான். சம்பந்தி வீட்டார் பார்க்க, பெட்டைகளும் பார்க்க, முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டான்.

பண்ணையார் தாமே தலைப்பாகையைக் கழற்றினார். சேவல் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேயப் போனது.

"இறங்குச்சுங்களா, ஐயா?"

"இறங்கிடுச்சு. நீங்க வேலையைப் பாருங்க, கொண்டப்பன்" என்றார், குஞ்சுக் குரலில்.

சொன்னது நான்தான் என்று யாரிடமும் மூச்சு விடாதீர்கள். பண்ணையார் போய்ச் சேர்ந்துவிட்டார்; அந்தச் சேவல் இன்னும் இருக்கிறது.