அப்பளம் போட்ட யானை

உக்காருங்க, உக்காருங்க. ஏம்மா பச்சைச் சேலை, பக்கத்து வீட்டுக் கதைய அப்புறம் பேசிக்கலாம், அது எங்கயும் ஓடிராது. இருமுறவங்க இப்பவே இருமி முடிங்க. ஆங். இப்ப நீங்க வாய மூடுங்க, நான் தொறக்கிறேன்.

மலையடிவாரத்துல ஒரு சின்ன மடம். குரு மரகதம்மா. சீடருங்க அத்தனை பேரும் அவங்களை விட வயசுல மூத்தவங்க. அதனால எல்லாரையும் "அண்ணே"ன்னுதான் கூப்பிடுவாங்க.

சமையல் நம்ம சடையாண்டி. கல்யாணப் பந்தியெல்லாம் பாத்த கை. அவன் ரசத்தை யாராச்சும் கொறை சொன்னாங்க, போச்சு, மூக்குலேர்ந்து குக்கர் மாதிரி விசிலு வரும். பரிமாறும்போது வாளியப் பாப்பான், கரண்டியப் பாப்பான், ஏந்துற கையப் பாப்பான். மூஞ்சியப் பாக்க ஏது நேரம்? "ரசம்... ரசம்... ரசம்..."னு ரயிலு மாதிரி போவான். சில கை ரெண்டாந்தரமும் நீளும். ஊத்திட்டுப் போய்க்கிட்டே இருப்பான்.

அன்னிக்கு அந்த ரயிலு பொன்னுரங்கம் இலைகிட்ட நிக்காமப் போயிருச்சு.

பொன்னுரங்கம் மடத்துக்கு வந்த நாள்லேர்ந்து மௌன விரதம். பாவம், ரெண்டு கையையும் குழிச்சு ஏந்தின மேனிக்கு உக்காந்திருக்கான்.

"அண்ணே, ஒரு கை பாக்கி"ன்னாங்க மரகதம்மா.

"அவனுக்குக் கெடையாது தாயி! இனி இங்க அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும். மூட்டை கட்டி வச்சிட்டேன்."

"என்ன பண்ணாரு?"

"என் ரசத்தக் குட்டைத் தண்ணின்னான்!"

பந்தியே திரும்பிப் பாத்துச்சு. "அவரா? பேசினாரா?"ன்னாங்க மரகதம்மா.

"கனவுல தாயி, நேத்து. ஒதட்ட இப்படிப் பிதுக்கி, 'இது ரசமாய்யா? எருமை எறங்கின குட்டைத் தண்ணி'ங்கிறான். எல்லாரும் சிரிக்கிறாங்க. நீங்களும்தான் சிரிச்சீங்க!"

மரகதம்மா சாப்பிட்டதப் பாதியில விட்டு எந்திரிச்சாங்க. கையெடுத்துக் கும்பிட்டாங்க.

"மன்னிச்சிருங்கண்ணே. நான் அப்படிச் சிரிச்சிருக்கக் கூடாது."

சடையாண்டிக்குக் கரண்டி நழுவிருச்சு. "ஐயோ, நீங்க போயி..."

"இல்லண்ணே, முழுசா விசாரிச்சிருவோம். அந்தப் பந்தியில வேற யாரு இருந்தா?"

"எங்க மாமியார் இருந்தாங்க. அப்புறம்... ஒரு யானை."

"யானை என்ன பண்ணுச்சு?"

"அப்பளம் போட்டுச்சு, தும்பிக்கையால. பாதிய அதுவே தின்னுருச்சு. போறப்ப என் காலையும் மிதிச்சிட்டுப் போச்சு."

"அடப்பாவமே! அப்ப அது மேலயும் கோவமா?"

சடையாண்டி சிரிச்சுப்புட்டான். "என்ன தாயி நீங்க! யானையாவது, அப்பளம் போடுறதாவது. அது கனவு."

மரகதம்மா உக்காந்து, இலையில இருந்த அப்பளத்த எடுத்து ஒரு கடி கடிச்சாங்க. கடக்.

அந்த ஒரு சத்தந்தான். சடையாண்டிக்கு வாளி திடீர்னு கனத்துச்சு. இந்தக் கையிலேர்ந்து அந்தக் கைக்கு மாத்தினான்.

"இருந்தாலும் தாயி..." கொரலு எறங்கிருச்சு. "வந்த நாள்லேர்ந்து பாக்குறேன். நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை... ஒரு தலையாட்டல்... அவன் மட்டுமில்ல, இங்க ஒருத்தரும்..."

பொன்னுரங்கம் கை இன்னும் எறங்கல. தொண்டையச் செருமினான். துருப்பிடிச்ச கதவத் தொறந்தாப்ல ஒரு சத்தம்.

"ஏய்யா, தெனமும் ரெண்டாந்தரம் கையேந்துறது யாரு, யானையா?"