கெண்டையாறு யாருக்குச் சொந்தம்?

வேங்கூரை ஆண்ட சொக்கலிங்க ராஜாவுக்குக் கோபம் பெரியது, படை சிறியது. நாட்டுக்கு இருந்ததும் ஒரே ஓர் ஆறுதான். கெண்டையாறு. பக்கத்து மலைநாட்டுச் சுனை ஒன்றில் ஊறி, கணவாய் வழியாக இறங்கி, வேங்கூரின் ஐந்து கிராமங்களையும் வளைந்து வளைந்து நனைத்துவிட்டு, பெரிய ஏரியில் போய்ச் சேரும். கோடையில் அதை ஆடுகூடத் தாண்டிவிடும். ஆனாலும் அது இல்லையென்றால் ஐந்து ஊரும் பட்டினிதான்.

ஒரு நாள் மலைநாட்டுத் தூதர் கரியமாணிக்கம் மீசையை முறுக்கிக்கொண்டு சபைக்கு வந்தார்.

"ஆறு பிறந்தது எங்கள் மலையில். அதனால் ஏரி வரைக்கும் அது எங்களுடையது. கரையிலுள்ள ஐந்து ஊர்களையும் ஒப்படையுங்கள். மறுத்தால் கணவாயில் அணை போட்டு மறித்துவிடுவோம்."

ராஜாவின் கை வாளுக்குப் போனது. சண்டை மூண்டால் வேங்கூர் ஒரு பொழுதுகூடத் தாங்காது. மந்திரி ஆதிமூலம் சட்டென்று எழுந்து தூதரைக் கும்பிட்டார்.

"பிறந்த வீட்டார் இப்போதாவது எட்டிப் பார்த்தீர்களே. ரொம்ப சந்தோஷம்."

"என்ன உளறுகிறீர்?"

"ஆறு உங்கள் வீட்டுப் பெண் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? எங்கள் ஏரிக்கு வாழ்க்கைப்பட்டு ஐந்து ஊரைப் பெற்று வளர்த்திருக்கிறாள். பெண்ணைப் பெற்றவர் சீர் கொண்டுவருவார். பேரப்பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போக வருவாரா?"

சபை சிரித்தது. தூதரும் லேசுப்பட்டவர் இல்லை.

"சரி, ஆடி பிறக்கப்போகிறது. பெண்ணை அழைத்துப்போய் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறோம். அதுவும் வழக்கம்தானே?"

ராஜாவுக்குப் பகீரென்றது. ஆடியில் தண்ணீர் நின்றால் விதைப்பே இல்லை. ஆதிமூலம் அசரவில்லை.

"தாராளமாக. உங்கள் அரசர் சீர்த்தட்டோடு மாப்பிள்ளை வீட்டு வாசலுக்கு வரட்டும். பெண் ஏரியில் இருக்கிறாள். கையைப் பிடித்து மலைமேல் கூட்டிப் போகட்டும். நடுவழியில் மகளை மறித்து நிறுத்திய அப்பன் என்ற பெயர் மட்டும் அவருக்கு வேண்டாம். ஊர் உலகம் சிரிக்கும்."

தூதர் வந்த வழியே திரும்பிப் போனார். அணைப் பேச்சு அதோடு ஒழிந்தது.

ஆடிப்பெருக்கு அன்று ஆறு கரை புரண்டு வந்தது. அதன் பின்னாலேயே மலைநாட்டிலிருந்து இரண்டு வண்டி பலாப்பழமும் ஒரு பட்டுச்சேலையும் வந்து சேர்ந்தன. ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆதிமூலம், சீரே வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டாராக இப்போது நாம் என்ன செய்ய வேண்டும்?"

ஆதிமூலம் ஒரு பழத்தைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"குறை சொல்ல வேண்டும், மகாராஜா."

ராஜா வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, ஒரு வண்டியை அப்படியே ஆதிமூலத்தின் வீட்டுக்கு ஓட்டச் சொன்னார்.